நீ முதல்ல சொல்லு, தங்கச்சி

ஊருக்குக் குடிநீர் ஏற்றும் பம்பு நிலையத்தில் மூத்த ஆபரேட்டருக்கு 'நியாயம்' என்று பெயர் விழுந்ததற்குக் காரணம் அவருடைய வாய்தான். எதைக் கேட்டாலும் "நியாயமா பார்த்தா..." என்றே ஆரம்பிப்பார். கொட்டுகிற மழையில் வால்வைத் திறக்கப் போவது யார், குளோரின் அறையைக் கழுவுவது யார் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நியாயம் தயாராக இருக்கும். அந்த நியாயம் எப்போதும் அவர் பக்கமாகவே ஒதுங்கும் என்பதை மட்டும் யாரும் கவனித்ததில்லை.

அவருக்கு அடுத்த ஆபரேட்டர் ஒரு பெண். வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் சின்னவள். பம்பை இயக்க அனுமதி பெற்றவர்கள் பகலில் இவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் லீவு எடுத்தால் மற்றவர் இருந்தே ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே நாள் வேண்டுமென்றால் என்ன செய்வது? அதற்கு நியாயம் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்; குளோரின் அறையைக் கழுவுவது போன்ற வேலைகளுக்கு ஃபிட்டரிடமும் அதையே ஆடுவார்.

"ஒரே சுண்டுல முடிக்கிறது எல்லாம் வேண்டாம். சுண்டறவன் கைவித்தை காட்டிடுவான்," என்பார். "ஆளுக்கு மூணு சொல்லுவோம். பூ பூ தலை, தலை பூ தலை, இப்படி. காசைச் சுண்டிக்கிட்டே போகணும். யார் சொன்னது அதே வரிசையில அடுத்தடுத்து முதல்ல விழுதோ, அவங்க ஜெயிச்சாங்க. இதுல ஆண்டவனே வந்தாலும் ஏமாத்த முடியாது."

பிறகு காசை எடுத்துக் கட்டைவிரல் மேல் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பார். "நீ முதல்ல சொல்லு, தங்கச்சி. எது ராசியோ அதை எடுத்துக்க. மிச்சத்துல நான் ஒண்ணு பார்த்துக்கறேன்."

முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுத் தருகிறாரே, பெரிய மனசு என்றுதான் சின்னவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தோற்றபோதெல்லாம் தன் தலையெழுத்தை நொந்துகொண்டு, காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, மோட்டார் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வருஷம் நீண்ட விடுமுறை வருவதற்கு முந்தைய வாரம் அக்கா போன் செய்தாள். அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார், உடனே வா என்றாள். சின்னவள் நேராக நியாயத்திடம் போனாள். அவர் பிரஷர் மீட்டரின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியல. இந்த லீவை எனக்கு விட்டுக் கொடுங்க. அடுத்த வருஷம் முழுக்க நீங்களே எடுத்துக்கங்க."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்கும் அவசியம்தான் தங்கச்சி. மச்சான் புது வீடு கட்டியிருக்கான். போகலைன்னா உறவே அறுந்துடும். நியாயமா சுண்டிப் பார்ப்போம். உனக்குன்னு இருந்தா உனக்கே விழும்."

நிலையத்துக்குப் பொறுப்பான எஞ்சினியர் மேடம் வெளியூரில் இருந்தார். கேட்பதற்கு வேறு ஆளில்லை. சின்னவள் "பூ பூ பூ" என்றாள். நியாயம் கண்ணை மூடித் திறப்பதற்குள் "அப்போ எனக்குத் தலை பூ பூ" என்றார். காசு தலையாக விழுந்தது. அடுத்தது பூ. அதற்கடுத்ததும் பூ. அவர் காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

அப்பா போன செய்தி வந்தபோது மூன்று மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. போனில் அக்கா அழுவது மட்டும் தெரிந்தது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. சாவு என்றதால் பக்கத்து நிலையத்திலிருந்து அனுப்பிய மாற்று ஆள் வந்து சேரும்வரை அவள் அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள். வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு," என்றாள் அக்கா. "யாரு வந்தாலும், சின்னவளான்னு கேட்டாரு."

அவள் வேலைக்குத் திரும்பியபோது நியாயம் மச்சான் வீட்டுப் படங்களைப் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "விதி தங்கச்சி. காசுக்குக் கண்ணு இருக்கா என்ன?" என்றார். அவளும் தலையாட்டினாள். விதி என்றுதான் அவளும் நம்பினாள். காசின் மேல் யார் கோபப்பட முடியும்?

சில மாதங்கள் கழித்து அக்காவின் மகள் வந்து அவளோடு தங்கினாள். கல்லூரியில் புள்ளியியல் எடுத்திருந்த பெண். வாய் ஓயாது. சாப்பாட்டு மேசையில் புதிர் போட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். ஒரு மாலை, பாத்திரம் கழுவுவது யார் என்று பேச்சு வந்தபோது, அவள் பர்ஸிலிருந்து ஒரு காசை எடுத்தாள்.

"சித்தி, ஒரு விளையாட்டு. ஆளுக்கு மூணு சொல்லணும். யாருது முதல்ல வருதோ அவங்க ஜெயிச்சாங்க. நீங்க முதல்ல சொல்லுங்க."

சின்னவளின் கை மேசை மேல் அப்படியே நின்றுவிட்டது. "பூ பூ பூ," என்றாள்.

"எனக்குத் தலை பூ பூ," என்றாள் அந்தப் பெண், யோசிக்காமல்.

அவள் ஜெயித்தாள். மறுபடி ஆடினார்கள், மறுபடியும் அவளே ஜெயித்தாள். மூன்றாவது முறையும் ஜெயித்துவிட்டு, சிரித்துக்கொண்டே பாத்திரங்களைச் சித்தி பக்கம் தள்ளினாள்.

"இது எப்படி?" என்றாள் சின்னவள்.

"சுலபம் சித்தி. மூணு பூ சேர்ந்து வரணும்னா, அதுக்கு முன்னாடி என்ன விழுந்திருக்கும்? ஆட்டம் ஆரம்பிச்ச உடனே மூணும் பூவா விழுந்தா நீங்க ஜெயிச்சீங்க. இல்லைன்னா, அந்த மூணு பூவுக்கு முன்னாடி கட்டாயம் ஒரு தலை நிக்கும். அந்தத் தலையும் அதுக்கப்புறம் வர்ற ரெண்டு பூவும் சேர்ந்தா என்னோட வரிசை. உங்க மூணாவது பூ விழறதுக்குள்ள நான் ஜெயிச்சு முடிச்சிருப்பேன். முதல் மூணு சுண்டு எட்டு விதமா விழலாம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் உங்களுக்கு. மிச்ச ஏழும் எனக்கு."

"வேற ஏதாவது சொல்லியிருந்தா?"

"எதைச் சொன்னாலும் ரெண்டாவதா சொல்றவங்க கைதான் ஓங்கும். நீங்க சொன்னதுல நடுவுல இருக்கறதை மாத்தி, பூன்னா தலையா, தலைன்னா பூவா, முன்னாடி வைக்கணும். அதுக்குப் பின்னாடி உங்க முதல் ரெண்டையும் ஒட்டணும். அவ்வளவுதான் வித்தை. உங்களுக்கு எவ்வளவு நல்லா அமைஞ்சாலும் மூணுல ஒரு பங்குக்கு மேல கிடையாது. காசு யோக்கியமானதுதான் சித்தி. முதல்ல வாய் திறக்கறதுதான் தப்பு."

சின்னவள் குழாயைத் திறந்து பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள். எட்டில் ஒரு பங்கு. அப்பாவின் முகத்தைப் பார்க்க அந்த மனிதர் தனக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டவளுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. காசை மேசையில் உருட்டிக்கொண்டே, "அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம் சித்தி," என்றாள். "ஒரு தடவை தற்செயலா பொருந்தியிருக்கலாம். ஒருத்தர் மேல பழி போடறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பார்த்துடணும். ஒவ்வொரு தடவையும் வேற வேற வரிசை சொல்லுங்க. உங்களுது போக ஏழு வரிசை மிச்சம் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா, சரியான பதில் அமைய ஏழுல ஒரு வாய்ப்பு. ரெண்டு தடவை தொடர்ந்து அமைய நாற்பத்தொன்பதுல ஒண்ணு. நாலு தடவையும் அமைஞ்சா ரெண்டாயிரத்து நானூறுல ஒண்ணு. அப்புறமும் தற்செயல்னு சொன்னா, நான் படிக்கிற படிப்பே வீண்."

சின்னவள் சோதித்தாள். ஒரு நாள் குளோரின் அறையைக் கழுவுவதற்கு, ஒரு நாள் தொட்டி மேல் ஏறுவதற்கு, இன்னொரு நாள் வெயிலில் போய் மீட்டர் பார்ப்பதற்கு என்று ஒவ்வொரு சாக்காகப் பார்த்து ஆட்டத்துக்கு இழுத்தாள். ஒவ்வொரு முறையும் வேறு வரிசை சொன்னாள். அவர் பதில் ஒவ்வொரு முறையும், சாவி பூட்டுக்குள் நுழைவதுபோல, அந்த விதிப்படியே வந்து விழுந்தது. கடைசியாக ஒரு நாள், "நீங்க பெரியவங்க, இன்னிக்கு நீங்க முதல்ல சொல்லுங்கண்ணே," என்றாள். அவர் பதறிப்போய், "சே சே, முதல் மரியாதை தங்கச்சிக்குத்தான்," என்றார். அவள் வற்புறுத்தியதும், இடுப்பு வலி, இன்றைக்கு ஆட்டம் வேண்டாம், தானே போய்க் கழுவுகிறேன் என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு மேல் அவளுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "எல்லார் முன்னாடியும் நாறடிச்சுடுங்க சித்தி," என்றாள் அக்கா மகள்.

"நாறடிச்சா என்ன ஆகும்? ரெண்டு நாள் பேசுவாங்க. அவரு மன்னிப்புக் கேட்பாரு. மூணாம் நாள் மறந்துடுவாங்க. எனக்கு அது போதாது."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் தனக்கு உரியவர் காத்திருக்க, இந்தப் பக்கம் மோட்டார் ஓட, நடுவில் ஒரு காசு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எத்தனை காலமானாலும் சரி. கோபத்தை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே அவள் அவரிடம் முன்னைவிடப் பணிவாக நடந்துகொண்டாள்.

மாதாந்திரக் கூட்டத்தில் வாய்ப்பு வந்தது. லீவு விஷயத்தில் எப்போதும் தகராறு என்று எஞ்சினியர் மேடம் சலித்துக்கொண்டார். ஃபிட்டர் ஒரு குறை சொன்னார், குளோரின் போடுகிறவர் இன்னொரு குறை சொன்னார். சின்னவள் எழுந்தாள்.

"மேடம், நம்ம அண்ணன் ஒரு முறை வச்சிருக்காரு. அதைவிட நியாயமானதை நான் பார்த்ததில்ல. எங்க அப்பா சாகக் கிடந்தப்போகூட அதுலதான் முடிவு பண்ணோம். நான் தோத்தேன். ஆனா ஒரு வார்த்தை குறை சொன்னேனா? அதையே எல்லாருக்கும் விதியா போட்டுடுங்க."

நியாயத்துக்கு முகம் மலர்ந்தது. எழுந்து நின்று மேடத்துக்கு ஆட்டத்தை விளக்கினார். எந்த மூன்றைச் சொன்னாலும் எல்லாமே சமம்தான், யாருக்கும் கூடக்குறைய இல்லை என்று அடித்துச் சொன்னார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? மேடத்துக்கும் பிடித்துப்போயிற்று.

"ஒரே ஒரு சின்ன விஷயம் மேடம்," என்றாள் சின்னவள். "யார் முதல்ல சொல்றதுன்னு சண்டை வரக்கூடாது. சர்வீஸ்ல மூத்தவங்க முதல்ல சொல்லட்டும். அதுதானே மரியாதை?"

"சரியாச் சொன்னீங்க," என்றார் ஃபிட்டர். "பெரியவர் இருக்கும்போது நாம முந்திரிக்கொட்டை மாதிரி வாய் திறக்கறது நல்லாவா இருக்கு?"

நியாயத்தின் கையிலிருந்த டீ உதட்டுக்குப் போகாமல் நின்றது. "மரியாதை எல்லாம் எதுக்கு... சின்னவங்களே முதல்ல..."

"எல்லாமே சமம்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார் மேடம். "அப்புறம் யார் முதல்ல சொன்னா என்ன?"

அவர் டீயைக் குடித்தார். விதி எழுதப்பட்டுப் பலகையில் ஒட்டப்பட்டது. அன்று முதல் அவர் லீவு கேட்பதைக் குறைத்துக்கொண்டார். யாரும் கேட்காத நாளாகப் பார்த்துக் கேட்டார். சின்னவளும் அவசரப்படவில்லை. அவருக்குத் தவிர்க்கவே முடியாத ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள்.

அது வந்தது. நியாயத்துக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை. பயணம் போனால் வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. அவனுடைய கப்பல் துறைமுகத்தில் ஒரே ஒரு பகல் நிற்கப்போகிறது, அதற்குப் பிறகு இன்னும் நீண்ட ஒப்பந்தம், அவன் வெளியே வர அனுமதி இல்லை, அப்பா அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று செய்தி வந்தது. அவர் மனைவி மகனுக்காகப் பின்னிய ஸ்வெட்டரை அவர் எல்லோரிடமும் காட்டினார். சின்னவளிடமும் காட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், மனிதர் மகிழ்ச்சியில் பழசெல்லாம் மறந்திருந்தார். "நல்ல ஊதா நிறம்ணே," என்று சொல்லிவிட்டு, சின்னவள் நேராக ஆபீஸுக்குப் போய் அதே நாளுக்கு லீவு கேட்டாள்.

அவர் வால்வு மேடையில் வந்து அவளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, என் பையனைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அன்னிக்கு உனக்கு அப்படி என்ன வேலை?"

"எனக்கும் அவசியம்தாண்ணே. நியாயமா சுண்டிப் பார்ப்போம். உங்களுக்குன்னு இருந்தா உங்களுக்கே விழும்."

அவர் அவளையே பார்த்தார். அந்தச் சொற்களை எங்கோ கேட்ட நினைவு. ஆனால் தான் சொன்னதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

மேடத்தின் அறையில் எல்லோரும் கூடினார்கள். காசைச் சுண்டுவது மேடம். நியாயத்தின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. முதலில் சொல்ல வேண்டியவர் அவர். எதைச் சொன்னால் குறைவாக அடிபடும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாக, "பூ தலை தலை" என்றார். மூன்றில் ஒரு பங்கு. அதைத் தாண்டி அவருக்கு வழியில்லை.

"எனக்குப் பூ பூ தலை," என்றாள் சின்னவள், மூச்சு விடாமல்.

அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. காசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒரு பங்கு என்பது ஒன்றுமில்லாதது அல்ல. இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் காசு அவர் பக்கம் விழுந்துவிடலாம். விழுந்தால் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான்.

முதலில் தலை. பிறகு பூ. பிறகு தலை.

அவருக்கு இன்னும் ஒரு தலை போதும். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேடம் சுண்டினார். காசு மேசையில் சுழன்று, ஒரு கோப்பில் மோதி, படுத்தது. பூ.

அடுத்ததும் பூ.

"ரெண்டு பேருக்கும் இன்னும் வரலையே," என்றார் ஃபிட்டர், சுவாரசியமாக முன்னால் சாய்ந்து. "நல்லா இழுக்குதே."

ஆட்டம் முடிந்துபோனது அந்த அறையில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இரண்டு பூ சேர்ந்துவிட்டது. இனி எத்தனை பூ விழுந்தாலும், என்றைக்குத் தலை விழுகிறதோ அன்றைக்கு அது அவளுடையது. அவர் வரிசைக்கு வழி அடைபட்டுவிட்டது. அவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். இப்போது அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது, அது அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவளும் கண்டாள். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மேடம் சுண்டினார். பூ. ஃபிட்டர் "அடடா" என்றார். மேடம் மறுபடி சுண்டினார். தலை.

"பூ பூ தலை. லீவு உங்களுக்கு," என்றார் மேடம் சின்னவளிடம். நியாயத்தைப் பார்த்து, "சாரி சார். உங்க முறைதானே," என்றார்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும்போது அவர் கை கழுவும் தொட்டி அருகே காத்திருந்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"தெரிய வேண்டியப்போ தெரியல. அதுதான் என் வருத்தம்."

"உங்க அப்பாவுக்கு அவ்வளவு முடியலைன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா."

"நான் சொன்னேன். நீங்க மீட்டரைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "என்னை என்ன வேணா பண்ணு. மேடம்கிட்ட சொல்லு, எழுதிக் கொடுக்கறேன். அந்த ஒரு நாளை மட்டும் மாத்திக் கொடு. என் வீட்டுக்காரி தனியா போக மாட்டா. பையன் கப்பல் மேல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பான்."

இதைக் கேட்பவர்கள், கடைசியில் அவள் மனம் இளகி விட்டுக் கொடுத்தாள் என்று எதிர்பார்ப்பார்கள். அவள் விட்டுக் கொடுக்கவில்லை.

"எங்க அப்பாவும் பார்த்துக்கிட்டுதான் இருந்தாரு," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்த நாளில் அவள் அக்கா வீட்டில் இருந்தாள். ஒரு வேலையும் இல்லை. மதியம் வரை படுத்துக் கிடந்தாள். விஷயம் தெரிந்ததும் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா இருந்தா உன்னைத் திட்டியிருப்பாருடி."

"இருந்தாத்தானே?"

அக்கா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். அன்று முழுவதும் அவளுக்கு எதிரே வந்து உட்காரவில்லை.

நியாயம் அன்று மகனோடு போனில் பேசினாராம். மோட்டார் அறையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கேக்கலப்பா, சத்தமா சொல்லு, கேக்கல" என்று கத்திக்கொண்டிருந்தார் என்று மறுநாள் ஃபிட்டர் வந்து சொன்னார். அதைக் கேட்டபோது சின்னவளுக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது உண்மை. இனித்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அதோடு கூடவே, பார்த்தே இராத ஒரு பையன் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கண்ணில் வந்தது. அதை அவள் தள்ளிவிட்டாள். அது மறுபடி வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவள் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய், ஆட்டத்தின் சூட்சுமத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுதிக் காட்டினாள். தான் அதைத் தெரிந்துகொண்டே ஆடியதையும் மறைக்கவில்லை. ஃபிட்டர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, போன வருஷமெல்லாம் அவரிடம் தோற்றுத் தோற்றுத் தான் குளோரின் அறையைக் கழுவியதை நினைத்துப் பெருமூச்சு விட்டார். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, விதித் தாளைப் பலகையிலிருந்து கிழித்தார். நியாயம் என்ற பெயர் அன்றோடு போயிற்று. கொஞ்ச நாள் 'ரெண்டாவது' என்று கூப்பிட்டார்கள். பிறகு அவரே மாற்றல் கேட்டு, துறைமுகத்துப் பக்கம் ஒரு நிலையத்துக்குப் போய்விட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், சின்னவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவருக்குப் பதில் வந்த ஆபரேட்டர் பேச்சுக் குறைந்த பெண். முதல் முறையாக இருவருக்கும் ஒரே நாள் லீவு தேவைப்பட்டபோது, மேடம் இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். வந்தது புதியவளுடைய சீட்டு. சின்னவள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு மோட்டார் அறைக்குப் போனாள். தோற்றது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யார் மேலும் கோபம் வரவில்லை.